துறவிக்கு இரண்டு நாள் லீவு

துபாய் விமான நிலையத்தில் எங்கள் சாமான்களை மூன்று தடவை எண்ணினேன். ஐந்து பெட்டி, ஒரு கூடை, ஒரு குடை. "பாலைவனத்துக்குக் குடை கொண்டுவந்த ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் என் மனைவி கமலா. வெயிலுக்கும் குடைதானே என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. அரசுக் கிடங்குகளில் இருப்புச் சரிபார்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பொருளை என் விரலால் தொட்டு எண்ணாதவரை அது இருக்கிறது என்று நான் ஒப்புக்கொண்டதில்லை.

நாங்கள் வந்ததும் அப்படி ஒன்றை நேரில் பார்க்கத்தான். எங்கள் ஒரே மகள் தேன்மொழி ஓவியமும் சிற்பமும் படித்தவள். துபாயில் கண்காட்சிகளுக்கு அரங்கம் அமைக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை. ஆளுயரப் பொம்மைகளுக்கு முகம் எழுதுவாள். தோல் நிறம், உதட்டு வெடிப்பு, கண்ணோர ஈரம் எல்லாம் அவள் கை. இதைத் திருச்சியில் உறவினர்களுக்கு விளக்கி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "பியூட்டி பார்லரா மாமா?" என்பார்கள். "பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கா கடல் தாண்டிப் போயிருக்கா?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். ஆனால் அவள் எழுதிய ஒரு முகத்தைக்கூட நானே பார்த்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தாய்லாந்திலிருந்து ஒரு அருங்காட்சியகமே கன்டெய்னரில் ஏறி வந்திருந்தது. அந்த நாட்டின் சரித்திரத்தையும் வாழ்க்கையையும் காட்டும் ஆளுயர உருவங்கள். முதலில் துபாய், அப்புறம் குவைத், கடைசியில் மஸ்கட். அவர்களோடு வரவேண்டிய முகக் கலைஞருக்கு விசா வராததால், அந்த வேலை தேன்மொழிக்கு வந்தது. அவளுடைய நிறுவனமோ பட்டறையை மூடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியோடு அவள் விசா முடிகிறது. இந்த வேலை நன்றாக அமைந்தால் குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் அவளையே கூட்டிப்போவதாகத் தாய்லாந்துக்காரர்கள் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அமையாவிட்டால் எங்களோடு அதே விமானத்தில் அவளும் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

கராமாவில் அவள் அறை. உடன் தங்கும் நர்ஸ் பெண்கள் இருவரும் லீவில் போயிருந்ததால் எங்களுக்குக் கட்டில் கிடைத்தது. கீழே இறங்கினால் பொங்கல் வடை, எதிர்ப்புறம் புட்டு கடலை, தெருமுனையில் முறுக்குக்கூடக் கிடைக்கிறது. வெளிநாட்டுக்கு வந்த உணர்வே இல்லை என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். காபியில் மட்டும் குறை. டின் பால் ஊற்றிவிடுகிறார்கள்.

சனிக்கிழமை எங்களை ஊரின் பழைய கோட்டைக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் நிலத்தடியில் ஆளுயரப் பொம்மைகள். முத்துக் குளிப்பவர், மரக்கலம் கட்டுபவர், துணி விற்பவர். கமலா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்ம கொலுதான். படிக்கட்டு மட்டும் இல்ல" என்றாள். எண்ணெய் கிடைப்பதற்கு முன்னால் தாங்கள் யாராக இருந்தோம் என்பதை மறைக்காமல், கிழிந்த வலையோடும் வற்றிய உடம்போடும் காட்டி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு மதிப்பாக இருந்தது. நாமாக இருந்தால் ராஜாக்களை மட்டும் வைத்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள். தேன்மொழி முன்னதாகவே போய்விட்டாள். "பஸ்ல அஞ்சாவது ஸ்டாப். இறங்கி, படகுல அக்கரைக்கு வாங்க. நான் படித்துறையில நிப்பேன்" என்று சொல்லியிருந்தாள். இங்கே பஸ்ஸின் முன்பகுதி பெண்களுக்கு. அது தெரியாமல் நான் அங்கே உட்கார்ந்துவிட்டேன். முக்காடு போட்ட ஒரு அம்மாள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். எழுந்து பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் நிற்கும் ஒவ்வொரு தடவையும் விரல் மடித்தேன். மூன்றாவது விரல் மடிக்கும்போது கமலா முன் கதவு வழியாக இறங்கிக் கீழே நின்று கையசைக்கிறாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு! ஏறு, ஏறு!" என்று கத்தினேன். கதவு மூடிக்கொண்டது.

ஆள் நிற்காத நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை என்பதை என் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அடுத்த நிறுத்தம் வெகுதூரம். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த சாலையோரமாக, வெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்து வந்தேன். கமலா நிழலில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பொதுவான பாஷை எது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"கணக்கு சரியா வந்துச்சா?" என்றாள்.

"குடை உதவிச்சு" என்றேன்.

அப்ரா என்கிற மரப்படகில் கடற்கழியைக் கடந்தோம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. நடுவில் உள்ள மேடையில் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். பக்கத்தில் இருந்த மலையாளி இளைஞர், "பேடிக்கண்டா அப்பச்சா, தினமும் ஆயிரம் பேர் போகிறார்கள்" என்று தன் மொழியில் தைரியம் சொன்னார். தினமும் போகிற ஆயிரம் பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அன்றைக்குப் போகிற இரண்டு பேரைப் பற்றித்தான்.

அக்கரைக்குப் பெயர் டேரா. படித்துறையில் நின்ற தேன்மொழி எங்களை அழைத்துப் போனாள். ஒரு பெரிய அங்காடியின் பின்பக்கக் கூடத்தில் அரங்கம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தேக்கு மர வீடு ஒன்றை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அதற்குள் செருப்போடு போவது அவர்களுக்குப் பொறுக்காது. நான் செருப்பைப் பையில் போட்டு உடன் எடுத்துக்கொண்டேன். புதுச் செருப்பு.

உள்ளே போனதும் நின்றுவிட்டேன். நாற்று நடுகிற பெண் ஒருத்தி குனிந்திருந்தாள். அவள் பின்கழுத்தில் வெயில் பட்டுக் கறுத்த தோல், அதற்குக் கீழே சட்டை விலகிய இடத்தில் வெளுத்த தோல். இரண்டும் சேரும் இடத்தில் கோடு போட்டாற்போல் இல்லை. மெல்ல மெல்ல மாறியிருந்தது. படகில் பழம் விற்கிறவள் வாயைத் திறந்து எதையோ கூவுகிறாள். பல்லில் வெற்றிலைக் கறை. அயுத்தயா என்ற பழைய தலைநகரின் சபையில் குடுமி வைத்த வெள்ளுடைப் பிராமணர் ஒருவர் சங்கு ஊதுகிறார். கன்னம் புடைத்து நரம்பு தெரிகிறது. தெற்கே நம் பக்கத்திலிருந்து போனவர்களின் வழிவந்தவர்களாம். சதுரங்கம் ஆடும் இரண்டு கிழவர்களில் தோற்கிறவர் யார் என்று கிட்டே போகாமலே தெரிந்தது.

"இதெல்லாம் நீயா?" என்று கேட்டேன்.

"உருவம் அவங்களோடதுப்பா. கப்பல்ல வந்ததுல பாதி முகம் உரிஞ்சு, வெடிச்சு வந்துச்சு. அதையெல்லாம் நான் திருப்பி எழுதினேன். எது பழசு, எது என்னதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சரிபார்ப்பில் தோற்றதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

பழக்கத்தினால் எண்ணியும் விட்டேன். வாசல் பலகையில் நாற்பத்திரண்டு உருவங்கள் என்று போட்டிருந்தது. எனக்கு நாற்பத்தொன்றுதான் வந்தது. திரும்பப் போய் மறுபடி எண்ணினேன். கடைசி அறையில் விடியற்காலைத் தெரு ஒன்று அமைத்திருந்தார்கள். ஒரு கிழவி, ஒரு நடுவயதுக்காரர், ஒரு சிறுமி, மூவரும் மண்டியிட்டுச் சோற்றுக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். எதிரே ஒருவரும் இல்லை. மூன்று பேரும் வெறும் சுவருக்குச் சோறு நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சாமியாரா? அவரு ஒருத்தருதான்யா இன்னும் டூட்டிக்கு வரல" என்று பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல். பரமக்குடிப் பக்கத்து ஆள், முனியசாமி. உருவங்களைத் தூக்கி நிறுத்துகிறவர். "மெடிக்கல் லீவு. உள்ள படுத்திருக்காரு. கன்னத்துல அடி."

தேன்மொழியின் முகம் மாறியது. விஷயம் என்ன என்று அப்போதுதான் சொன்னாள்.

பிச்சையேற்க வரும் இளம் துறவியின் உருவம் அது. கன்டெய்னரில் சாய்ந்து, இடக் கண்ணோரத்திலிருந்து தாடைவரை வெடிப்பு. அந்த நாட்டுத் துறவிகள் தலையை மட்டுமல்ல, புருவத்தையும் மழித்துவிடுகிறார்கள். மற்ற உருவங்களில் ஒட்டுப்போட்ட இடத்தை மயிருக்குள் ஒளிக்கலாம். இங்கே ஒளிக்க இடமே கிடையாது. தோல் ஒன்றுதான். அதை இங்கே அவளால்தான் எழுத முடியும். ஆனால் அவள் தொடக்கூடாது. துறவியைப் பெண் தொடுவதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். கையில் கொடுக்கிற பொருளைக்கூடத் துணி விரித்து அதன்மேல் வைக்கவேண்டும், அவர் எடுத்துக்கொள்வார்.

"பொம்மைதானே?" என்றேன்.

"நானும் அதைத்தான் நினைச்சேன். பிரசித் சாருக்கு மனசு வரலை. தப்புன்னு யாரும் எழுதி வைக்கலைதான், ஆனா காவி கட்டியிருக்கே, என் கண்ணு முன்னால எப்படி விடுவேன்னு கேட்கறாரு. அவரைக் கட்டாயப்படுத்த எனக்கும் மனசு வரலைப்பா."

பிரசித் என்பவர்தான் அந்தக் குழுவின் தலைவர். என் வயதை ஒட்டியவர். என்னைப் பார்த்ததும் கைகூப்பித் தலை தாழ்த்தினார். எனக்கு அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. அந்த வணக்கத்துக்குப் பிறகு முடியவில்லை. வியாழக்கிழமை மாலை திறப்பு விழா. அன்றைக்கு அந்த மூவர் சுவருக்குச் சோறு நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்கும் தலைகுனிவு, என் மகளுக்குக் குவைத்தும் இல்லை.

திங்கட்கிழமை ஒரு முயற்சி நடந்தது. ஆண் கை வேண்டும் என்பதால் தூரிகையை முனியசாமி பிடிப்பது, தேன்மொழி இரண்டடி தள்ளி நின்று சொல்லச் சொல்ல அவர் எழுதுவது என்று ஏற்பாடு. கிரேனில் எவ்வளவு பெரிய சுமையையும் நூல் பிசகாமல் இறக்குவாராம். தூரிகையைப் பிடித்ததும் அவர் கை கடப்பாரையைப் பிடித்த கையாகிவிட்டது.

"தொட்டும் தொடாம, முனியண்ணே. பஞ்சு மாதிரி."

"தொட்டும் தொடாமன்னா, தொடவா வேணாமா தங்கச்சி?"

அரை மணிநேரத்தில் துறவியின் கன்னத்தில் பருப்பு சிந்தினாற்போல் ஒரு திட்டு. முனியசாமி நிமிர்ந்து பார்த்தார். "சாமியாருக்கு அம்மை போட்டிருச்சு. கலாஸ்! நான் வெளிய நிக்கிறேன்" என்று தூரிகையை வைத்துவிட்டார். அரபியில் கலாஸ் என்றால் முடிந்தது என்று அர்த்தம். நிஜமாகவே முடிந்துவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. திரும்பும் விமானத்தில் மூன்றாவது இருக்கை கிடைக்குமா என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

மத்தியானம் எல்லோரும் தேக்கு வீட்டுக்குப் பின்னால் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். கமலா எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர்கள் பப்பாளிக்காயைத் துருவி இடித்து ஒரு கூட்டு செய்திருந்தார்கள். மீன் சாறு ஊற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் தயங்கினேன். நொய் என்ற தாய்லாந்துப் பெண், உடைகளைக் கவனிப்பவள், எங்களுக்கென்று மீன் இல்லாமல் தனியாக எடுத்து வைத்ததைக் காட்டினாள். ஒரு வாய் வைத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. நம் ஊர்க் காரம் நாக்கில் நிற்கும். அவர்கள் காரம் காதுக்குள் போகிறது. பிரசித் எலுமிச்சைச் சாதத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிடும் இடத்தில் சும்மா இருக்க எனக்கு வராது. கேள்வி கேட்டேன். நானும் அவரும் பேசியதைத் தேன்மொழி ஆங்கிலத்தில் இங்கும் அங்கும் கடத்தினாள்.

"அந்த முகம் யாருடையது?"

"என் மகனுடையது" என்றார். "அவன் துறவியாக இருந்தபோது நானே அச்சு எடுத்தேன்."

பெற்ற பிள்ளையைத் துறவுக்குக் கொடுத்த மனிதரிடம் இப்படியா கேட்பது என்று கூசிப்போனேன். "இப்போது எந்த மடத்தில் இருக்கிறார்?"

"மடமா? பாங்காக்கில் கார் டயர் விற்கிறான். இரண்டு குழந்தைகள்."

நான் தேன்மொழியைப் பார்த்தேன், சரியாகத்தான் மாற்றிச் சொல்கிறாளா என்று. சரிதான். அவர்கள் நாட்டில் பிள்ளைகள் ஒரு மழைக்காலம் துறவியாக இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவது சாதாரணமாம். பிரசித்தும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம் இருந்தவர். அங்கியை முறைப்படிக் கழற்றிவிட்டால் மறுபடி வீட்டுப் பிள்ளைதான். "என் தம்பி காலையில் அங்கியைக் கழற்றினான், மத்தியானம் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்தான்" என்று நொய் சிரித்தாள்.

நம் பக்கத்தில் காவி கட்டினவன் திரும்பி வந்தால் தெருவே கூடிவிடும். இவர்களோ போய்விட்டு வந்ததைப் படிப்பு முடித்து வந்ததுபோல் சொல்கிறார்கள். நான் இந்த ஆச்சரியத்திலேயே இருந்தேன். கமலா தட்டிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்:

"பிள்ளையே வீட்டுக்கு வந்தாச்சு. பொம்மை மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? அதுக்கும் ரெண்டு நாள் லீவு குடுக்கச் சொல்லுங்களேன்."

முனியசாமி புரையேறச் சிரித்தார். "அம்மா, சாமியாருக்கு ஆனுவல் லீவா!"

"சிரிக்காதீங்க. நம்ம கொலுவுல கடைசி நாள் ஒரு பொம்மையையாவது படுக்க வச்சுட்டுத்தானே மறுநாள் பெட்டிக்குள்ள எடுத்து வைக்கிறோம்? சும்மா தூக்கிப் போடறமா? அவங்க முறை எதுவோ, அந்த முறைப்படி காவியைக் கழட்டட்டும். அப்புறம் அவன் வீட்டுப் பிள்ளைதானே. தேனு தொட்டா என்ன?"

தேன்மொழி இதைச் சொல்லலாமா என்று என்னைப் பார்த்தாள். எனக்குப் பயம். அடுத்தவர் சமயத்தில் நாம் வழி சொல்வதா, கோபித்துக்கொண்டு இப்போதே வேண்டாம் என்றுவிட்டால்? வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, சொல்லு என்று தலையசைத்தாள். சொல்லிவிட்டாள், கொலுப் பொம்மை உட்பட.

நொய் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிரசித் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். உள்ளறையில் படுத்திருந்த உருவத்தின் அருகே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து கமலாவிடம் ஏதோ கேட்டார். தேன்மொழி தமிழில் சொன்னாள்: "படுக்க வைக்கிற பொம்மைகிட்ட என்ன சொல்லுவீங்கன்னு கேட்கறாரும்மா."

"என்னத்தச் சொல்றது? அடுத்த வருஷம் வான்னு சொல்லுவோம்."

அதைக் கேட்டதும் அவர் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

அங்கியைக் கழற்றும்போது பெண்கள் வெளியே இருந்தார்கள். என்னையும் முனியசாமியையும் உள்ளே அழைத்தார். பிரசித் மண்டியிட்டு மூன்று முறை தரையில் நெற்றி படும்படி வணங்கினார். நமக்குக் கொஞ்சம் சமஸ்கிருதம்போல் கேட்கிற ஏதோ பாஷையில் மெதுவாகச் சொன்னார். பிறகு தோளிலிருந்து காவியை உருவி, மடிப்புக் கலையாமல் மடித்து, வெள்ளைத் துணி விரித்த உயரமான அலமாரித் தட்டில் வைத்தார். அங்கிக்குக் கீழே உடம்பு எழுதப்படவே இல்லை. மார்புக்குக் கீழே சாம்பல் நிறக் கண்ணாடி நாரிழை. வெறுமையாக விடக்கூடாதென்று முனியசாமி ஓடிப்போய்த் தன் பையிலிருந்து புதுக் கைலி ஒன்றைக் கொண்டுவந்தார். இடுப்பில் சுற்றி, தோளில் ஒரு துண்டும் போட்டார்.

"இப்பப் பாருங்கய்யா. பரமக்குடி பஸ் ஸ்டாண்டுல மதுரை வண்டிக்கு நிக்கிற ஆளு."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தான்.

செவ்வாயும் புதனும் நான் ஒரு மடக்கு நாற்காலியில் அவளுக்கு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை; போகச் சொல்லவும் இல்லை. வெடிப்பை அடைத்து, தேய்த்து, மறுபடி அடைத்து, மறுபடி தேய்த்தாள். விரல் நுனியால் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியுமாம். பிறகு நிறம். மனிதத் தோலுக்குத் தோல் நிறத்தைத்தான் பூசுவார்கள் என்று நினைத்திருந்தேன். முதலில் நீலம் வைத்தாள். அப்புறம் பச்சை, சிவப்பு, அதன்மேல் தண்ணீர்போல மெல்லிய மஞ்சள். "ரத்தம் உள்ளேருந்து வரணும்ப்பா, மேலேருந்து இல்ல" என்றாள். பதினோரு பூச்சு எண்ணினேன். அதற்குமேல் எண்ண மறந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மழித்த புருவம் இருந்த இடத்தில் மிக லேசாக ஒரு பச்சை நிழல் வைத்தாள். அப்போது அந்தக் கைலிக்காரன் மூச்சு விடப்போகிறான் என்று எனக்குத் தோன்றியது. "பொம்மைக்குப் பெயின்ட்" என்று சொன்ன அத்தனை பேரையும் அந்த மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார வைக்க ஆசைப்பட்டேன்.

கமலா முதல்நாள் வந்து பார்த்துவிட்டு, "சாப்பிட்டியாடா?" என்று அவனைக் கேட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் பிரசித் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இடமிருந்து பார்த்தார், வலமிருந்து பார்த்தார். விளக்கை அணைக்கச் சொல்லிப் பார்த்தார், போடச் சொல்லிப் பார்த்தார். தேன்மொழி தூரிகையைக் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். இரண்டே வாக்கியம். அந்தப் பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு எங்களுக்கே கேட்டது.

"மகனைக் கூப்பிட்டு, உன் கன்னம் ஆறிவிட்டது, தழும்பு இல்லை என்கிறார்" என்று நொய் தேன்மொழியிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை காவியைத் திரும்பக் கட்டினார்கள். அதே வணக்கம், அதே மெல்லிய பாஷை. முனியசாமி கைலியை மடித்து வாங்கிக்கொண்டார். "இனிமே இதைக் கட்டமாட்டேன்யா. ஊருக்குக் கொண்டுபோய் வச்சுக்குவேன்" என்றார். பிச்சைப் பாத்திரத்தோடு துறவியைக் கடைசி அறையில் நிறுத்தியதும் கிழவியும் நடுவயதுக்காரரும் சிறுமியும் நீட்டிய சோற்றுக்கு அர்த்தம் வந்துவிட்டது. சிறுமியின் பார்வை சரியாக அவன் முகத்தில் போய் நின்றது. அந்தப் பார்வையை நான் ஞாயிற்றுக்கிழமையே பார்த்தேன். அது சுவரில் எதைத் தேடியது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

மாலையில் கூட்டம். வெள்ளை அங்கி போட்ட அரபிக்காரர்கள், கோட்டுக்காரர்கள், குடும்பம் குடும்பமாக நம் ஆட்கள். நான் வேட்டியில் போயிருந்தேன். குளிர்சாதனத்தில் கால் விறைத்தது. பிரசித்தைச் சுற்றிப் பெரிய மனிதர்கள். வாசலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் திறக்கப் போகிறார்கள் என்று சத்தம் கேட்டபோது கடைசி அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். தேன்மொழி துறவிக்கு ஒரு கை தூரத்தில் நின்று தன் வேலையைக் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அவள் கை உயர்ந்தது. பாதியில் நின்றது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அப்பா" என்றாள் மெதுவாக. "கன்னத்துல ஒரு நூலு. காவியிலிருந்து வந்திருக்கு. என்னால இப்போ தொட முடியாது."

நேற்றுவரை அந்தக் கன்னத்தில் அவள் விரல் படாத இடமில்லை. இன்றைக்கு ஒரு நூலை எடுக்க அவளுக்கு உரிமையில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. அவள் செய்தது அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டேன். கமலா, "மூச்சை அடக்கிக்கிட்டு எடுங்க, கோடு விழுந்துரப்போகுது" என்றாள். அந்த நூல் கண்ணோரத்தில், வெடிப்பு தொடங்கிய அதே இடத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு விரலால் எடுத்தேன். கன்னம் குளிர்ந்திருந்தது. சூடாக இருந்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான் தொட்டேன்.

திரும்பினால் வாசலில் பிரசித். பின்னால் விருந்தினர் கூட்டம். அவர் என்னையும் என் விரலில் இருந்த காவி நூலையும் பார்த்தார். தேன்மொழியிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கூட்டத்தை உள்ளே அழைத்தார்.

"என்ன சொன்னாரு?"

"குவைத்துல நூல் எடுக்க அப்பா வருவாரா, இல்ல வேற ஆள் பாக்கணுமான்னு கேட்கறாரு" என்றாள்.

கூட்டம் உள்ளே வந்ததும் நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். தேன்மொழி மட்டும் அசையாமல், கையைப் பின்னால் கட்டியபடி, வருகிறவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சிறுவன் துறவியைப் பார்த்துவிட்டு அவளையும் அண்ணாந்து பார்த்தான். நான் வாசல்வரை போய், நாற்று நடுகிறவளிலிருந்து தொடங்கிக் கடைசியாக ஒரு தடவை எண்ணிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை நாற்பத்துமூன்று வந்தது. யாரைச் சேர்த்து எண்ணிவிட்டேன் என்று உடனே தெரிந்தது. கமலா கேட்டபோது, "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.